நடுப்படியில் நிற்பவர்கள்

(கொல்லிமலை செம்மேட்டில் ஒன்றிய, வட்டாரப் பொறுப்பாளர்களுக்காக நடந்த இரண்டு நாள் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'மாறிவரும் அமைப்புகளில் இடைநிலைத் தலைமை எதிர்கொள்ளும் சிக்கல்கள்'. தலைப்பைப் பார்த்தா ஏதோ கம்பெனிக்காரங்க பெரிய ஓட்டல்ல வச்சு நடத்துற வகுப்பு மாதிரி இருக்கு. அவங்களுக்கு இதுக்குன்னு புத்தகம் இருக்கு, பாடம் எடுக்க ஆள் இருக்கு, பாடம் கேக்குற மேனேஜருக்கு மாசச் சம்பளமும் இருக்கு. நம்ம ஒன்றியச் செயலாளருக்கு என்ன இருக்கு? கடனுக்கு வாங்கின ஒரு வண்டி, சட்டைப் பையில ஒரு கட்சி டைரி, கோர்ட்ல நாலு வழக்கு.

ஆனா வேலை என்னமோ ஒண்ணுதான். மேலே எடுக்கிற முடிவைக் கீழே கொண்டு போகணும். கீழே இருக்கிற நிலைமையை மேலே கொண்டு போகணும். இந்த இரண்டில் முதல் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறக்கடித்ததுதான் ஒடுக்கப்பட்டோர் அமைப்புகளைப் பிடித்த நோய் என்பது என் கருத்து. ஓர் அமைப்பு அமைதியாக இருக்கிற காலத்தில் இந்த நோய் வெளியே தெரியாது. அமைப்பு மாறும்போதுதான் தெரியும். பாதை மாறுகிறது, பேர் மாறுகிறது, சட்டம் மாறுகிறது. மாற்றத்தை அறிவிக்கிறவர் மேடையில் இருக்கிறார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் சேரி முனையில் நிற்கிறார்.

முதலில் நாம் வந்திருக்கிற இந்த மலையையே எடுத்துக்கொள்வோம்.

மலையின் படிகள்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தோம். இங்கே ஊராட்சிகளுக்குப் பெயரே 'நாடு' என்றுதான் முடியும். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு. இந்தப் பெயர்களை அரசு வைக்கவில்லை. மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய நிர்வாகப் பிரிவுகள் இவை. ஊருக்கு ஊர்க்கவுண்டர், நாட்டுக்கு நாட்டார், அதற்கும் மேலே பட்டக்காரர் என்று படிகள் இருந்தன. கல்யாணம், கோயில், நிலத் தகராறு எல்லாம் அந்தப் படிகளில்தான் பேசித் தீர்க்கப்பட்டன.

அதைப் பொற்காலமாகப் பேச நான் தயாராக இல்லை. பதவி பரம்பரையாக வந்தது. பெண்களுக்கு அங்கே குரல் இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர்க்கவுண்டர் அந்த ஊரில்தான் இருந்தார். அந்த ஊர்ச் சாமையையும் தினையையும்தான் தின்றார். அவர் சொன்ன தீர்ப்பு தப்பென்றால் மறுநாள் காலையில் பாதிக்கப்பட்டவன் முகத்தில்தான் அவர் முழிக்க வேண்டும்.

பிறகு வரிசையாகப் புதிய அமைப்புகள் வந்தன. மத்திய அரசு 1971இல் அமைத்த பாவா குழுவின் பரிந்துரையிலிருந்து 'லேம்ப்' சங்கங்கள் பிறந்தன. கடன், ரேஷன், வன விளைபொருள் கொள்முதல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்றார்கள். பெயர் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம். ஆனால் எங்குமே கூட்டுறவுச் சங்கச் செயலாளர் நிலைமை என்ன? உறுப்பினர்கள் அவரைத் தங்கள் ஆள் என்று நினைப்பார்கள். அவருக்கு உத்தரவு வருவதோ துறையிலிருந்து. அடுத்து 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996இல் தேர்தல். மகளிர் குழுக்கள் வந்தன. ஊக்குநர், பிரதிநிதி என்று பெண்கள் முதல்முறையாக வங்கி மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். கடன் வாங்கியது இருபது பேர். தவணை தவறினால் வசவு வாங்குவது அந்த ஊக்குநர் ஒருத்தர்.

வன உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 2006இல் நிறைவேறியது, 2008இல் விதிகள் வந்தன. கிராம சபை கூடி 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் குழு மனு வாங்கி, நிலத்தை நேரில் பார்த்து, கிராம சபையில் வைத்து, கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதற்கும் மேலே மாவட்டக் குழு. தமிழ்நாட்டிலே என்ன ஆச்சு? உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பது வருடக்கணக்காக நின்றது. 2016இல்தான் அந்தத் தடை நீங்கியது. இந்த இடைக்காலத்தில் மலைகளில் இருந்த குழு உறுப்பினர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மனுவை எழுதிக் கொடுத்தவர் அவர். 'கையெழுத்துப் போடு, பட்டா வரும்'னு சொன்னவர் அவர். சென்னையில் போட்ட தடை அவர் போட்டதல்ல. அதைப் பற்றி அவருக்கு ஒழுங்காகச் சொன்னவரும் இல்லை. ஆனா ஊர்ல கேள்வி யார்கிட்ட? 'என்னப்பா, பட்டா எங்கே? காசு வாங்கிட்டு ஏமாத்திட்டியா?' நடுவில் இருப்பவருடைய முதல் சிக்கல் இதுதான். சேதி அவருக்குக் கடைசியாக வருகிறது, பழி முதலில் வருகிறது.

தரகர் யார், பொறுப்பாளர் யார்?

இந்த மலையில் சாமையும் தினையும் விளைந்த காடுகள் பலவற்றில் இப்போது குச்சிக்கிழங்கு நிற்கிறது. கீழே சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது போகிறது. கிழங்கில் மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று அளந்து விலை போடுவார்கள். இங்கே காட்டில் நிற்கிற விவசாயிக்கு அன்றைய பாயிண்ட் விலையும் தெரியாது, தன் கிழங்கு எத்தனை பாயிண்ட் என்றும் தெரியாது. நடுவில் ஒரு தரகர் இருக்கிறார். அவசரத்துக்கு முன்பணம் கொடுப்பவரும் அவரே. அவருடைய பிழைப்பே இரண்டு பக்கத்துக்கும் முழு விவரம் தெரியாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

பொறுப்பாளரும் நடுவில்தான் நிற்கிறார். அப்ப ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? பொறுப்பாளருடைய வேலை இரண்டு பக்கத்துக்கும் தெரிய வைப்பது. எந்த நாளில் ஒரு பொறுப்பாளர் தெரிந்த விவரத்தைத் தன் பையில் வைத்துக்கொள்ள ஆரம்பிக்கிறாரோ, அந்த நாளில் அவர் தரகர் ஆகிவிடுகிறார். காவல் நிலையத்தில் அவர் பேச்சு எடுபடும். 'அண்ணன் வந்தாத்தான் காரியம் நடக்கும்' என்று சேரியில் பேராகும். அதுக்கப்புறம் வன்கொடுமை வழக்குல 'சமாதானமாப் போயிடுங்க, நான் வாங்கித் தர்றேன்'னு சொல்ல எத்தனை நாளாகும்?

இதை நான் ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசவில்லை. நல்ல மனிதர்களும் இப்படி ஆகிறார்கள். அமைப்பு அவர்களுக்குப் பெட்ரோல் காசு கொடுப்பதில்லை. வழக்குச் செலவு கொடுப்பதில்லை. முடிவெடுக்கும் உரிமையும் கொடுப்பதில்லை. ஆனால் கூட்டத்துக்கு இத்தனை வண்டி ஆள் கொண்டு வா என்று இலக்கு மட்டும் கொடுக்கிறது. அந்தச் செலவை அவர் எங்கிருந்து எடுப்பார்? தரகை ஒழிக்க வேண்டும் என்றால் முதலில் அந்தப் பள்ளத்தை மூட வேண்டும்.

நம் வரலாற்றில்

அண்ணல் அம்பேத்கர் 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி கண்டார். 1942இல் அது பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு ஆனது. அவர் திட்டமிட்ட குடியரசுக் கட்சி அவர் மறைவுக்குப் பிறகு 1957 அக்டோபர் 3இல் பிறந்தது. இருபத்தொரு வருடத்தில் மூன்று பெயர், மூன்று விதமான அணிசேர்க்கை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் இருந்தது. இந்த மாற்றங்களை ஊர் ஊராகப் போய் விளக்க நடுமட்டத்தில் ஆள் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் 1956இல், உடல் நலிந்த நிலையிலும், பம்பாயில் அரசியலுக்கு வருவோருக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அந்த டிசம்பரில் அவர் மறைந்தார், பள்ளியும் வளரவில்லை. குடியரசுக் கட்சி சில ஆண்டுகளிலேயே பிளவுபடத் தொடங்கியது. பிளவுக்குக் காரணம் பல. ஆனால் தலைவர்கள் சண்டையிட்டபோது 'நிறுத்துங்கள்' என்று கீழேயிருந்து சொல்லக்கூடிய பயிற்சி பெற்ற நடுமட்டம் இல்லாமல் போனது அவற்றில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

கான்ஷிராம் வேறு வழியில் போனார். 1978 டிசம்பர் 6இல் பாம்செஃப் தொடங்கப்பட்டது. அரசு ஊழியர்களை, அதாவது நிர்வாகத்தின் நடுப்படிகளில் இருந்த நம் படித்தவர்களை, ஒன்று சேர்த்தார். சமூகத்துக்குத் திருப்பிக் கொடு என்பதுதான் பேச்சு. பணம், நேரம், மூளை மூன்றையும் அவர்கள் கொடுத்தார்கள். 1981இல் டிஎஸ்4, 1984இல் பகுஜன் சமாஜ் கட்சி. தேர்தல் கட்சி வந்த பிறகு அந்த ஊழியர்களின் இடம் என்ன என்ற கேள்வி எழுந்தது. எண்பதுகளின் நடுவிலேயே பாம்செஃப் பிளந்தது. கட்சி உத்தரப்பிரதேசத்தில் ஆட்சியைப் பிடித்தது பெரிய சாதனை, மறுக்க முடியாது. ஆனாலும் ஓர் அமைப்பை உருவாக்கியவர்களிடமே 'இனி உங்கள் வேலை வேறு' என்று எப்படிச் சொல்வது என்பதற்கு அங்கேயும் நல்ல முன்மாதிரி கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். விடுதலைச் சிறுத்தைகள் தொண்ணூறுகள் முழுக்கத் தேர்தலைப் புறக்கணித்த இயக்கம். 1999 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ் மாநிலக் காங்கிரசு அணியில் சேர்ந்து, திருமாவளவன் சிதம்பரத்தில் நின்றார். 2024இல் இரண்டு மக்களவை இடங்கள், அதைத் தொடர்ந்து மாநிலக் கட்சி அங்கீகாரம் என்று அந்தப் பாதை போயிருக்கிறது. 1999 முடிவு சரியா தப்பா என்பது இன்றைய தலைப்பு இல்லை. நான் கேட்பது வேறு. சேரிச் சுவரில் 'தேர்தலைப் புறக்கணிப்போம்' என்று எழுதியவரே அடுத்து அதே சுவரில் சின்னம் வரைய வேண்டும். 'நேத்து என்ன சொன்னே, இன்னைக்கு என்ன சொல்றே?'ன்னு டீக்கடையில் கேட்டவனுக்கு அவர்தான் பதில் சொன்னார். அந்தத் தேர்தலில் வாக்குப்போடப் போனதற்காகச் சிதம்பரம் தொகுதியில் சேரிகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன. அப்போது போலீசிடம் ஓடியவரும், மருத்துவமனையில் நின்றவரும், வழக்குக்கு ஆள் தேடியவரும் அந்த வட்டாரப் பொறுப்பாளர்கள்தான். எந்தக் கட்சி வரலாற்றில் அவர்கள் பெயர் இருக்கிறது?

மேலவளவு முருகேசனைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பைப் பேச முடியாது. தனி ஊராட்சியின் தலைவர் என்றால் யார்? கீழே சேரி, மேலே பி.டி.ஓ., அதற்கும் மேலே கலெக்டர். சுற்றிலும் ஆதிக்கச் சாதி. 1997 சூன் 30 அன்று தன் மக்களின் கோரிக்கையோடு மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பும் வழியில், பேருந்தை மறித்து அவரையும் துணைத் தலைவர் மூக்கனையும் உடன் வந்த தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள். நான் சற்றுமுன் சொன்ன அந்த இரண்டாவது வேலை, கீழே இருக்கிற நிலைமையை மேலே கொண்டுபோகிற வேலை, அதைச் செய்துவிட்டு வந்த வழியில்தான் அவர் செத்தார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை ஒரு தலித் தலைவரை நாற்காலியில் உட்கார விடவில்லை. பெயருக்கு வென்றவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள்.

கொல்லாத இடங்களில் வேறு வழி இருக்கிறது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தனி ஊராட்சியில் துணைத் தலைவர் பதவி ஆதிக்கச் சாதிக்காரரிடம் போய்விட்டால், அவர் பேனாவை மூடி வைத்தாலே போதும். சரி, ஏறக்குறைய எல்லாருமே பழங்குடிகளாக இருக்கிற இந்த மலையில் அந்தத் தொல்லை இல்லையே என்பீர்கள். இங்கே வேறு தொல்லை. தமிழ்நாட்டில் எந்தப் பகுதியும் ஐந்தாவது அட்டவணையில் இல்லை. அதனால் பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தருகிற 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே செல்லாது. 'நாடு' என்ற பெயர் இருக்கிறது, நாட்டுக்கு உரிய அதிகாரம் இல்லை. அந்த ஊராட்சியும் நிலையானதல்ல. 2016 அக்டோபருக்குப் பிறகு மூன்று வருடம் தேர்தலே இல்லை. தனி அலுவலர் ஆட்சி. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 சனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர் வந்தார்.

நமக்குள்ளேயே ஒரு ஏணி

அம்பேத்கர் சாதியை வெறும் ஏற்றத்தாழ்வு என்று சொல்லி நிறுத்தவில்லை. படிநிலைப்படுத்தப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார். அதன் பலமே நடுப்படிகள்தான். நடுப்படியில் இருப்பவனுக்குக் கீழே ஒருத்தன் இருக்கிறான். அதனால் மேலே இருப்பவனை எதிர்க்க அவனுக்கு மனம் வராது. இந்த விதியை ஊருக்கு மட்டும் பொருத்திப் பார்த்துவிட்டு நம் அமைப்புக்குப் பொருத்தாமல் விடுகிறோம். பிளக்ஸ் போர்டுல யார் படம் எவ்வளவு பெருசுன்னு அடிச்சுக்குறோமே, அது என்ன? மாநிலப் பொறுப்பாளர் வந்தால் கைகட்டி நிற்கிற மாவட்டம், கிளைத் தோழரை 'டேய்' என்று கூப்பிடுகிறதே, அது என்ன?

இந்த நாமக்கல் மாவட்டத்தில் அருந்ததியர் மக்கள் பெருந்தொகையாக இருக்கிறார்கள். அவர்களுக்கு 2009இல் மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. உட்பிரிவு செய்வது செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் அமைப்புகளின் மாவட்ட, ஒன்றியப் பட்டியலை எடுத்து வைத்து எண்ணிப் பாருங்கள். கிளையில் இருக்கிற அருந்ததியத் தோழர் ஒன்றியத்துக்கு ஏறினாரா? 'மகளிர் அணி' என்ற அறையைத் தாண்டி ஒரு பெண் ஒன்றியச் செயலாளர் ஆனாரா? ஏறாமல் தடுப்பது மேலிடம் மட்டும் அல்ல. நடுப்படியில் நிற்கிற நாமும்தான் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறோம்.

என்ன செய்யலாம்?

நாலு காரியம் சொல்கிறேன். விவாதியுங்கள்.

ஒன்று. பாதை மாறும் முடிவை அறிவிக்கும் முன்னால் காரணங்களோடு எழுத்தில் நடுமட்டத்துக்குத் தர வேண்டும். பத்திரிகையைப் பார்த்து நம்ம முடிவை நாமே தெரிந்துகொள்கிற கேவலம் போகணும். நேற்றுச் சொன்னதற்கு நேர்மாறான முடிவு என்றால், தலைமை கிளைகளுக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும். அந்தப் பாரத்தை ஒன்றியச் செயலாளர் தலையில் ஏற்றக் கூடாது.

இரண்டு. மேல்நோக்கி எழுதும் உரிமை. கீழே இருந்து போகிற எழுத்துக்கு முப்பது நாளில் எழுத்திலேயே பதில் வர வேண்டும். 'இந்த முடிவு எங்கள் பகுதியில் நடக்காது, காரணம் இவை' என்று ஒரு பொறுப்பாளர் எழுதினால் அது துரோகம் ஆகாது. அதுதான் அவருடைய வேலை.

மூன்று. கணக்கு. வரவையும் செலவையும் மாதம் ஒருமுறை சேரி மந்தையில் உரக்கப் படிக்க வேண்டும். கூடவே பொறுப்பாளரின் வண்டிச் செலவும் வழக்குச் செலவும் அமைப்பின் கணக்கில் வர வேண்டும். ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதைக் கொடுக்காமல் இருப்பது நியாயம் இல்லை.

நான்கு. சட்டப் பயிற்சி. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் 1995 விதிகளும் ஒவ்வொரு ஒன்றியச் செயலாளருக்கும் தலைகீழாகத் தெரிய வேண்டும். விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையக் கூடாது என்பது விதி. நிவாரணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதற்கு அட்டவணையே இருக்கிறது. இது கிளையில் பத்துப் பேருக்குத் தெரிந்துவிட்டால் 'அண்ணன் வந்தால்தான் காரியம் நடக்கும்' என்கிற பேச்சு தானாகக் குறையும். அப்படிக் குறைவதற்குப் பொறுப்பாளர் பயப்படக் கூடாது.

(உரைக்குப் பின் நடந்த விவாதத்திலிருந்து)

ஒரு தோழர்: மேலே எழுதிக் கேட்டா கட்டுப்பாட்டை மீறினதாச் சொல்லி நீக்கிட மாட்டாங்களா?

நீக்கலாம். தனி ஆளாக எழுதினால் நிச்சயம் அந்த ஆபத்து இருக்கு. அதனால கிளைக் கூட்டத்தில் தீர்மானமாப் போட்டு, வந்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. ஒரு செயலாளரை நீக்கலாம், ஒரு சேரியை நீக்க முடியாது. அப்படியும் நீக்குகிற அமைப்பு என்றால், அது எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த வேலையை எப்போதோ நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

ஒரு பெண் தோழர்: நாலு காரியம் சொன்னீங்க. ரெண்டு நாள் முகாம்னு கூப்பிட்டீங்களே, பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டு வருவேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? எங்க ஒன்றியத்துல இன்னும் மூணு பேர் அதனாலேயே வரல.

அதுதான் ஐந்தாவது காரியம். அடுத்த முகாமின் அழைப்பிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யார் பொறுப்பு, எங்கே இடம் என்று அச்சிட வேண்டும். அந்தப் பொறுப்பைப் பெண் தோழர்களிடமே தள்ளிவிடாமல், இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற மாவட்டப் பொறுப்பாளர்கள் முறைவைத்துச் செய்ய வேண்டும். இதைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்.